ஆர் மொழியில் வரைந்த படத்தை பிடிஎஃப், எஸ்விஜி, வேர்டுக்குக் கொண்டுபோகும்போது

திரையில் அழகாகத் தெரிந்த படம் அச்சுக்குப் போனதும் எழுத்தெல்லாம் எறும்பு சைஸுக்குச் சிறுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். படம் கடைசியில் எத்தனை சென்டிமீட்டர் அகலத்தில் உட்காரப்போகிறது என்று முடிவு செய்யாமலே சேமித்துவிடுகிறோம். ஆர் நிரல்மொழியில் படத்தைத் திரையிலோ ஃபைலிலோ வரையும் பகுதிக்குச் சாதனம் (டிவைஸ்) என்று பெயர். ஆரின் பிடிஎஃப் சாதனம் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 7 அங்குல அகலம், 7 அங்குல உயரம் என்று எடுத்துக்கொள்ளும். அது 178 மிமீ. ஆய்விதழ்களின் ஒற்றைப் பத்தி அகலமோ 9 செ.மீ.யை ஒட்டித்தான் இருக்கும்: நேச்சர் 89 மிமீ, எல்சவியர் 90 மிமீ. ஆக, நாம் கொடுத்த படத்தை அவர்கள் பாதியாகச் சுருக்கித்தான் வைக்க முடியும். ஆரின் படம் வரையும் தொகுப்பான ஜிஜிபிளாட்2-வின் இயல்பு எழுத்தளவு 11 பாயிண்ட். ஆக்சிஸ் எண்கள் அதில் 0.8 மடங்கு, அதாவது 8.8 பாயிண்ட். பாதியாகச் சுருங்கினால் 4.4. நேச்சர் கேட்பது 5 முதல் 7 பாயிண்ட் வரை. கணக்கு இவ்வளவுதான், ஆனால் இதைப் போடாமல் 'ஃபாண்ட் ஏன் சின்னதாக வருகிறது' என்று எழுத்துருவைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் அதிகம்.

எனவே முதலில் அளவு, மற்றதெல்லாம் பிறகு. பிடிஎஃப் சாதனத்தைத் திறக்கும்போது வித் 3.5, ஹைட் 2.6 என்று அங்குலத்தில் கொடுங்கள். ஜிஜிபிளாட்2-வின் சேமிக்கும் ஃபங்ஷனான ஜிஜிசேவ் பயன்படுத்தினால் யூனிட்ஸ் என்ற இடத்தில் மிமீ என்று சொல்லி 89, 65 என்றே நேரடியாகக் கொடுக்கலாம். தீமின் (படத்தின் தோற்ற அமைப்பின்) அடிப்படை எழுத்தளவான பேஸ்_சைஸை 7 என வையுங்கள். ஆக்சிஸ் தலைப்பு 7, ஆக்சிஸ் எண்கள் 5.6 பாயிண்ட் வரும். அப்புறம் ஆவணத்தில் அந்தப் படத்தை நூறு சதவீத அளவில், இழுக்காமல் சுருக்காமல் வையுங்கள். இப்படிச் செய்தவுடன் படம் நெரிசலாகத் தெரியும். லெஜண்ட் (எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் விளக்கப்பெட்டி) மூன்றில் ஒரு பங்கு இடத்தைத் தின்றிருக்கும், எக்ஸ் ஆக்சிஸில் மாதப் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். அந்த நெரிசல் முதலிலிருந்தே இருந்ததுதான். 7 அங்குலப் படத்தில் கண்ணில் படவில்லை, அவ்வளவே. லெஜண்டை மேலே தூக்கி ஒரே வரியாக்குவது, மாதங்களைச் சுருக்கி எழுதுவது போன்ற வேலைகளை எல்லாம் இந்தச் சின்ன அளவில்தான் செய்ய வேண்டும்.

ஜிஜிசேவுக்கு அளவே கொடுக்காவிட்டால் அப்போது திறந்திருக்கும் வரைபடச் சாளரத்தின் அளவை எடுத்துக்கொள்ளும். ஆர்ஸ்டூடியோவின் வலப்பக்கச் சட்டத்தை நேற்று கொஞ்சம் இழுத்து வைத்திருந்தால் இன்று படம் வேறு விகிதத்தில் வரும். கன்சோலில் அது 'சேவிங்' என்று தொடங்கி ஓர் அளவைச் சொல்லும், அந்த வரியை யாரும் படிப்பதில்லை. ஆர்ஸ்டூடியோவின் எக்ஸ்போர்ட் பொத்தானும் இதே வகை. ஒருமுறை பார்த்துக்கொள்ள நல்லது. திருத்தம் கேட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பிவரும் கட்டுரைக்கு உதவாது.

கோட்டின் தடிமனில் ஒரு சிக்கல் உண்டு. ஜிஜிபிளாட்2-வில் லைன்வித் 1 என்றால் 1 மிமீ என்று பலரும் நினைக்கிறார்கள். ஆவணங்களைப் படித்தாலும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆரின் சாதனங்களில் எல்டபிள்யூடி (கோட்டுத் தடிமன்) 1 என்பது அங்குலத்தில் 96-ல் ஒரு பங்கு. ஜிஜிபிளாட்2 தன் அளவை 2.845-ஆல் பெருக்கி அதற்கு அனுப்புகிறது. பெருக்கிப் பார்த்தால் லைன்வித் 1 கிட்டத்தட்ட 0.75 மிமீ, அதாவது 2.13 பாயிண்ட். இதழ் 0.5 பாயிண்ட் கோடு கேட்டால் 0.235 கொடுக்க வேண்டும். 2022-ல் வந்த 3.4.0 பதிப்பிலிருந்துதான் கோட்டுக்கு லைன்வித் என்ற தனிப் பெயர். பழைய நிரல்களில் அதே வேலையை சைஸ் என்பது செய்துகொண்டிருக்கும். படத்துக்குள் எழுத்து வைக்கும் ஜியாம்_டெக்ஸ்டின் சைஸ் இன்னொரு குழப்பம். தீமில் எழுத்தளவு பாயிண்டில், இங்கே மில்லிமீட்டரில். 7 பாயிண்ட் எழுத்து வேண்டுமென்றால் 7-ஐ 2.845-ஆல் வகுத்து 2.46 கொடுக்க வேண்டும். ஆக்சிஸில் கொடுத்த 7-ஐ இங்கேயும் கொடுத்தால் எழுத்து ஏறத்தாழ 20 பாயிண்டுக்கு வீங்கிவிடும்.

ஜிஜிபிளாட்2 இல்லாமல், ஆருடனே வரும் பேஸ் கிராஃபிக்ஸில் வரைபவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்எஃப்ரோ மூலம் 2×2 என்று கட்டம் பிரித்தால் ஆர் தானாகவே எழுத்தை 0.83 மடங்காக்கும், மூன்று வரிசையோ மூன்று பத்தியோ வந்துவிட்டால் 0.66. இயல்பான 12 பாயிண்ட் அப்போது 8-க்குக் கீழே இறங்கிவிடும். பாயிண்ட்சைஸையும் (அடிப்படை எழுத்தளவு) சிஇஎக்ஸையும் (எழுத்தைப் பெருக்கும் மடங்கு) இதைக் கணக்கில் வைத்துக் கொடுங்கள்.

டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) பற்றி நிறையப் பேச்சு நடக்கிறது. வெக்டர் ஃபைலுக்கு, அதாவது படத்தைப் பிக்சலாக அல்லாமல் கோடும் வடிவமுமாக எழுதும் பிடிஎஃப், எஸ்விஜி போன்றவற்றுக்கு, டிபிஐ கிடையாது. ஜிஜிசேவில் பிடிஎஃப்புக்கு 300 கொடுத்தாலும் 1200 கொடுத்தாலும் வரும் ஃபைல் ஒன்றுதான். பிஎன்ஜி, டிஃப் ஆகியவற்றுக்கு மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. பேஸ் ஆரின் பிஎன்ஜி சாதனத்தில் வித் 2000 என்று பிக்சலில் மட்டும் கொடுத்து ரெஸ் என்பதை விட்டுவிட்டால் அது 72 என்று வைத்துக்கொள்ளும். 12 பாயிண்ட் எழுத்து 12 பிக்சலாகி, 2000 பிக்சல் அகலப் படத்தில் தூசு போல ஒட்டிக்கொண்டிருக்கும். அளவை அங்குலத்தில் கொடுத்து ரெஸ் 300 என்று சொன்னால் இது வராது.

திறந்ததை மூடுவது

பிடிஎஃப் ஃபைலின் இறுதியில் ஒரு பொருளடக்க அட்டவணை எழுதப்படுகிறது; சாதனத்தை மூடும்போதுதான் அது எழுதப்படும். மூடும் கட்டளையான டெவ்.ஆஃப் கூப்பிடாமல் விட்டால் ஃபைல் அரைகுறையாக நிற்கும், எந்தச் செயலியும் திறக்காது. நடுவில் ஒரு பிழை வந்து ஸ்கிரிப்ட் நின்றுபோனாலும் இதே கதைதான். அதைவிட மோசம், சாதனம் திறந்தே இருப்பதால் அடுத்து வரையும் படங்கள் எல்லாம் திரைக்கு வராமல் சத்தமில்லாமல் அந்த ஃபைலுக்குள் போய்ச் சேரும். 'பிளாட் வரவே மாட்டேன் என்கிறது' என்ற புகார்களில் பாதி இதுதான். டெவ்.லிஸ்ட் கொடுத்தால் எவை திறந்திருக்கின்றன என்று தெரியும், கிராஃபிக்ஸ்.ஆஃப் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மூடும். ஃபங்ஷனுக்குள் படம் எழுதுகிறீர்கள் என்றால் சாதனத்தைத் திறந்த அடுத்த வரியிலேயே ஆன்.எக்ஸிட் (ஃபங்ஷன் எப்படி முடிந்தாலும் ஓடும் கட்டளை) வைத்து அதற்குள் டெவ்.ஆஃபைப் போட்டுவிடுங்கள். மூடியதும் கன்சோலில் 'நல் டிவைஸ் 1' என்று வருவது பிழைச்செய்தி அல்ல, வேறெந்தச் சாதனமும் திறந்திருக்கவில்லை என்ற தகவல்.

லூப்புக்குள்ளோ ஃபங்ஷனுக்குள்ளோ ஜிஜிபிளாட் அல்லது லாட்டிஸ் (இன்னொரு வரைபடத் தொகுப்பு) படத்தின் பெயரை மட்டும் எழுதினால் எதுவும் வரையப்படாது. கன்சோலில் பெயரை அடித்தவுடன் ஆர் தானாக பிரிண்ட் கூப்பிடுகிறது. லூப்பில் அதைச் செய்வதில்லை. பிரிண்ட்டை நாமே எழுத வேண்டும், இல்லாவிட்டால் பக்கமே இல்லாத பிடிஎஃப்தான் மிஞ்சும். எஸ்விஜியில் வேறு மாதிரி ஏமாற்றம். பிடிஎஃப் ஒரே ஃபைலில் பல பக்கம் வைத்துக்கொள்ளும்; எஸ்விஜி அப்படியல்ல. ஃபைல் பெயரில் சதவீதக் குறியுடன் வரிசை எண்ணுக்கு இடம் விடாமல் ஐந்து படம் வரைந்தால் ஐந்தாவது மட்டும் மிஞ்சும், முந்தைய நான்கும் அதே பெயரில் அழித்து எழுதப்பட்டிருக்கும்.

நிரலைக் கட்டளை வரியிலிருந்து ஆர்ஸ்கிரிப்ட் மூலம் ஓட்டும்போது கோப்புறையில் யாரும் கேட்காத 'ஆர்பிளாட்ஸ்.பிடிஎஃப்' ஒன்று முளைக்கும். திரை இல்லாத இடத்தில் ஆரின் இயல்புச் சாதனம் பிடிஎஃப்தான். எந்தச் சாதனமும் திறக்காமல் ஜிஜிபிளாட்க்ராப் (படத்தை வரையாமல் அதன் பகுதிகளாக மாற்றித் தரும் ஃபங்ஷன்) போன்றவற்றைக் கூப்பிட்டால், எழுத்தின் அகலத்தை அளக்க அதற்கு ஒரு சாதனம் தேவைப்பட்டு, தானே ஒன்றைத் திறந்துகொள்கிறது. தீங்கில்லை, அழித்துவிடலாம்.

திரையில் வரைந்ததை டெவ்.காப்பி கொண்டு பிடிஎஃப்புக்கு மாற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பேஸ் கிராஃபிக்ஸில் லெஜண்ட் பெட்டியின் அகலம் திரைச் சாதனத்தின் எழுத்தளவை வைத்துக் கணக்கிடப்பட்டது. நகலெடுக்கும்போது பெட்டி பழைய அகலத்திலேயே இருக்கும், எழுத்து மட்டும் புது அளவில் வந்து பெட்டியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

எழுத்துரு, அதிலும் தமிழ்

ஆரின் சாதாரண பிடிஎஃப் சாதனம் ஹெல்வெட்டிகாவைப் பயன்படுத்தும், ஆனால் அதை ஃபைலுக்குள் பொதியாது. பிடிஎஃப் தரத்தில் பதினான்கு அடிப்படை எழுத்துருக்கள் எல்லாச் செயலிகளிலும் இருக்கும் என்ற பழைய ஏற்பாட்டை அது நம்புகிறது. படிக்கும் கணினி தன்னிடம் உள்ள ஏதோ ஒரு மாற்று எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். வீட்டில் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. இதழின் தானியங்கிச் சோதனையோ 'எழுத்துரு பொதியப்படவில்லை' என்று திருப்பி அனுப்பிவிடும். எம்பெட்ஃபாண்ட்ஸ் என்ற ஃபங்ஷன் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற தனி மென்பொருளைக் கூப்பிட்டு இதைச் சரிசெய்யும். அதைவிட எளிய வழி, முதலிலேயே கெய்ரோ என்ற வரைகலை நூலகத்தில் ஓடும் கெய்ரோ_பிடிஎஃப் சாதனத்தைப் பயன்படுத்துவது. பயன்பட்ட எழுத்துகளை மட்டும் எடுத்து அது தானே பொதிந்துவிடும். ஃபைல் பெயர் பிடிஎஃப் என்று முடிந்தால் ஜிஜிசேவ் எடுப்பது சாதாரண பிடிஎஃப் சாதனத்தைத்தான். டிவைஸ் என்ற இடத்தில் கெய்ரோ_பிடிஎஃப் என்று நாம் குறிப்பிட வேண்டும். மேக்கில் 'கெய்ரோ டிஎல்எல்லை ஏற்ற முடியவில்லை' என்ற எச்சரிக்கை வந்தால் எக்ஸ்குவார்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தமிழில் லேபிள் வைப்பவர்களுக்குச் சாதாரண பிடிஎஃப் சாதனம் உதவவே உதவாது. அது ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய குறியாக்கத்தில் ஓடுகிறது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். மாற்ற முடியாமல் 'எம்பிசிஎஸ்டுஎஸ்பிசிஎஸ்' என்ற பெயருடன் எச்சரிக்கை மழை பொழியும், படத்தில் 'சென்னை' இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள் நிற்கும். ஃபேமிலி என்ற இடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று கொடுத்தாலும் பயனில்லை. அந்தச் சாதனத்துக்குக் கணினியில் நிறுவிய எழுத்துருக்கள் கண்ணுக்கே தெரியாது.

கெய்ரோ_பிடிஎஃப்புக்கு மாறினால் எழுத்து வந்துவிடும், ஆனால் சரியாக வருமா என்பது தனிக் கேள்வி. யூனிகோடில் 'செ' என்பது முதலில் ச, அதன்பின் ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பதும், 'கொ', 'கோ' என்றால் இருபுறமும் பிரித்து வைப்பதும், 'டி', 'கு' போன்றவற்றுக்கு உரிய கூட்டு வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதும் வடிவமைக்கும் நூலகத்தின் வேலை. கெய்ரோவுக்குத் துணையாக பாங்கோ என்ற அந்த நூலகம் இருந்தால் அந்த வேலை நடக்கும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தனியாக நிற்கும், சில எழுத்துருக்களில் கூடவே ஒரு புள்ளிவட்டமும் தொங்கும். உங்கள் கணினியில் என்ன நிலை என்று அறிய ஜிஆர்சாஃப்ட்வெர்ஷன் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். கெய்ரோ, பாங்கோ என்று வரிசையாகப் பதிப்பு எண்களைக் காட்டும். பாங்கோவுக்கு நேரே காலியாக இருந்தால் அந்த ஆரிலிருந்து கெய்ரோ வழியாகத் தமிழ் ஒழுங்காக வராது. லினக்ஸில் பெரும்பாலும் இருக்கும். விண்டோஸில் இல்லை என்றே வைத்துக்கொண்டு மாற்று வழிக்குப் போகலாம்.

எந்தக் கணினியிலும் நம்பக்கூடிய மாற்று வழி எஸ்விஜிலைட் தொகுப்பு. இது எழுத்தை வடிவமாக மாற்றாமல் எழுத்தாகவே எஸ்விஜி ஃபைலில் எழுதிவைக்கிறது. கொம்பை எங்கே வைப்பது என்ற பொறுப்பு திறக்கும் செயலிக்குப் போய்விடுகிறது, உலாவிகளும் வெக்டர் படங்களைத் திருத்தும் செயலியான இங்க்ஸ்கேப்பும் அதைச் சரியாகவே செய்கின்றன. பிடிஎஃப் வேண்டுமென்றால் அந்த எஸ்விஜியை இங்க்ஸ்கேப்பில் திறந்து, எழுத்தைப் பாதையாக மாற்றும் தெரிவுடன் பிடிஎஃப்பாகச் சேமிக்கலாம். ஆருக்குள்ளேயே முடிக்க வேண்டுமென்றால் ஆர்எஸ்விஜி தொகுப்பின் பிடிஎஃப் மாற்றி இருக்கிறது. அது எழுத்துக்கு பாங்கோவைத்தான் நம்பியிருக்கிறது. எஸ்விஜிலைட்டில் ஒரு தொல்லை மட்டும் உண்டு. ஒவ்வொரு சொல்லும் இத்தனை அகலம் இருக்க வேண்டும் என்று தான் கணக்கிட்ட நீளத்தையும் எழுதிவைக்கும். திறக்கும் கணினியில் எழுத்துரு மாறினாலோ, தமிழ் அகலத்தை அது தவறாக அளந்திருந்தாலோ எழுத்துகள் இழுத்துக் கட்டியதுபோல அகன்றோ நெருங்கியோ தெரியும். ஃபிக்ஸ்_டெக்ஸ்ட்_சைஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் அந்த நீளம் எழுதப்படாது. தமிழ் லேபிளுக்கு இதை எப்போதும் அணைத்தே வையுங்கள்.

ஆருடன் வரும் எஸ்விஜி சாதனமும் கெய்ரோதான்; எழுத்தெல்லாம் வடிவமாகிவிடும். எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரிவது வசதி, இங்க்ஸ்கேப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாமல் போவது அதன் விலை. ஷோடெக்ஸ்ட் தொகுப்பைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ரோமன் எழுத்துக்கு அருமையானது. கொம்பை இடம் மாற்றும் வேலையை அது செய்யாததால் தமிழுக்குச் சரிவராது. வெக்டரே வேண்டாம், நல்ல பிஎன்ஜி போதும் என்றால் ராக் தொகுப்பு 600 டிபிஐயில் தமிழை ஒழுங்காக வரைந்து கொடுத்துவிடும், விண்டோஸ் உட்பட.

பழைய நிரல்களில் யூஸ்டிங்பாட்ஸ் ஃபால்ஸ் என்று ஒரு வரி இருக்கும், ஏன் என்று தெரியாமலே நகலெடுத்துக்கொண்டிருப்பார்கள். முன்பு பிடிஎஃப் சாதனம் சின்ன வட்டங்களை வட்டமாக வரையாமல், டிங்பாட்ஸ் எழுத்துருவில் உள்ள வட்டக் குறியாக எழுதிவந்தது. ஃபைல் சிறியதாகும் என்பது லாபம். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் சிதறல் படத்தின் புள்ளிகள் எல்லாம் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக மாறி நிற்கும். 2020-ல் வந்த ஆர் 4.0.0-விலிருந்து ஃபால்ஸ்தான் இயல்பு.

வேர்டு என்கிற தனி உலகம்

லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுபவர்களுக்கு பிடிஎஃப் போதும். நம்மில் பெரும்பாலோருக்கு வழிகாட்டியும் அலுவலகமும் கேட்பது வேர்டு. பிடிஎஃப்பை வேர்டுக்குள் இழுத்துப்போட வேண்டாம். விண்டோஸில் அது ஒரு பொதிந்த பொருளாகவோ மங்கலான முன்னோட்டமாகவோ உட்கார்ந்து, வேறு கணினியில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

ஆஃபீஸ் 2019-ம் அதற்குப் பிந்தையவையும் எஸ்விஜியை நேரடியாக ஏற்கும். இன்றைக்கு முதலில் முயல வேண்டியது இதுதான். வேர்டு உள்ளுக்குள் எஸ்விஜியோடு ஒரு பிஎன்ஜி நகலையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பழைய பதிப்பில் திறப்பவர்கள் அந்த நகலைப் பார்ப்பார்கள். பழைய வேர்டு கட்டாயம் என்றால் விண்டோஸின் பழைய வெக்டர் வடிவமான ஈஎம்எஃப். ஆரில் விண்டோஸுக்கு மட்டும் வின்.மெட்டாஃபைல் என்று ஒரு சாதனம் உண்டு, ஆனால் பாதி ஒளிபுகும் நிறம் அதற்குத் தெரியாது. நம்பிக்கை இடைவெளியைக் காட்டும் சாம்பல் பட்டை காணாமலே போய்விடும். டெவ்ஈஎம்எஃப் தொகுப்பு எல்லா இயங்குதளத்திலும் ஓடும், ஈஎம்எஃப் பிளஸ் முறையில் ஒளிபுகு நிறத்தையும் எழுதும். வளைவுகள் படிப்படியாக உடைந்து தெரிந்தால் கோஆர்ட்டிபிஐ எண்ணைக் கூட்டுங்கள், இயல்பு 300. எழுத்துரு மாறிவிடும் என்று பயமிருந்தால் எழுத்தைப் பாதையாக்கும் தெரிவு அதில் இருக்கிறது. மேக் வேர்டில் திறக்கப்போகும் ஆவணத்துக்கு ஈஎம்எஃப் வேண்டாம், அங்கே அது நன்றாகத் தெரிவதில்லை.

பவர்பாயிண்ட் என்றால் ஆபீசர், ஆர்விஜி என்ற இரண்டு தொகுப்புகளும் சேர்ந்து செய்வது வேறு தரம். டிஎம்எல் என்ற உறைக்குள் ஜிஜிபிளாட்டை வைத்து ஸ்லைடில் சேர்த்தால், படத்தின் ஒவ்வொரு கோடும் எழுத்தும் பவர்பாயிண்டின் சொந்த வடிவங்களாகவே வந்துசேரும். கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு பட்டையின் நிறத்தை மாற்றச் சொன்னால் ஆரைத் திறக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான புள்ளிகள் உள்ள படத்தை இப்படி அனுப்பினால் மட்டும் ஸ்லைடு நகரவே மறுக்கும்.

வேர்டுக்கு பிஎன்ஜிதான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், சேமிக்கும்போது வேர்டு படங்களை 220 பிபிஐக்கு (அங்குலத்துக்கு 220 பிக்சல்) அமுக்கிவிடக்கூடும் என்பதைக் கவனியுங்கள். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில், படங்களை அமுக்காதே என்ற பெட்டியை, படம் சேர்ப்பதற்கு முன்பே டிக் செய்ய வேண்டும். 600 டிபிஐயில் கஷ்டப்பட்டு எடுத்த படம் மங்கிப்போவதற்கு இந்தப் பெட்டிதான் பெரும்பாலும் காரணம்.

வெக்டர் எங்கே வேண்டாம்

வெக்டர்தான் உயர்ந்தது என்று கண்மூடி நம்புவதிலும் அர்த்தமில்லை. வெக்டர் ஃபைல் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக எழுதிவைக்கிறது, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைந்திருந்தாலும். ஜிஜிபிளாட்2-வுடன் வரும் டைமண்ட்ஸ் தரவில் 53,940 வரிகள். எஸ்விஜியில் ஒரு வட்டத்துக்கு நூறு பைட் என்று வைத்தாலே 5 எம்பிக்கு மேல் போகிறது. பத்து லட்சம் வரி என்றால் 100 எம்பி. பிடிஎஃப் தன்னை அமுக்கிக்கொள்வதால் ஃபைல் சிறிதாகத் தெரியலாம், ஆனால் திறக்கும்போது ஒவ்வொரு வட்டத்தையும் வரைந்தே ஆக வேண்டும். கட்டுரையின் அந்தப் பக்கம் வந்ததும் ஸ்க்ரோல் நின்றுபோவது இதனால்தான். ஜிஜிராஸ்டர் தொகுப்பில் ராஸ்டரைஸ் என்று ஒன்று இருக்கிறது. புள்ளிகளின் அடுக்கை மட்டும் 300 டிபிஐ பிக்சல் படமாக்கி, ஆக்சிஸ், எழுத்து, கோடு எல்லாவற்றையும் வெக்டராகவே விட்டுவைக்கும். 20,000 புள்ளிக்கு மேல் போனால் இதைத் தயங்காமல் பயன்படுத்துவேன். பத்து லட்சம் புள்ளியைச் சிதறல் படமாகப் போடுவதே சரிதானா, அறுகோணக் கட்டங்களாக எண்ணிக் காட்டக் கூடாதா என்ற கேள்வியையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

ஹீட்மேப்பில் (மதிப்பை நிறத்தால் காட்டும் கட்டப்படம்) நேர்மாறான தொல்லை. ஜியாம்_டைல் கட்டங்களைத் தனித்தனிச் செவ்வகமாக எழுதும். பிடிஎஃப் செயலிகள் ஓரங்களை மிருதுவாக்கும்போது இரண்டு செவ்வகத்துக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும்; பெரிதாக்கினால் இடம் மாறும், அச்சில் சில சமயம் வரும், சில சமயம் வராது. ஒவ்வொரு கட்டத்தின் ஓர நிறத்தையும் அதன் நிரப்பு நிறமாகவே கொடுத்தால் மறைந்துவிடும். கட்டங்கள் சம அளவில் இருந்தால் ஜியாம்_ராஸ்டருக்கு மாறலாம், பேஸ் ஆரின் இமேஜ் என்றால் யூஸ்ராஸ்டரை ட்ரூ ஆக்கலாம். அப்படி மாறினால் மேக்கின் பிரிவியூ செயலி கட்டங்களைக் குழைத்து மங்கலாகக் காட்டும். ஃபைலில் கோளாறில்லை, அடோபி ரீடரில் திறந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஈபிஎஸ் (போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் அமைந்த பழைய வெக்டர் வடிவம்) கேட்கும் இதழ்கள் இன்னும் உள்ளன. பிளாஸ் இதழ்கள் டிஃப் அல்லது ஈபிஎஸ் மட்டுமே ஏற்கின்றன. ஈபிஎஸ்ஸுக்கு ஒளிபுகு நிறம் கிடையாது. ஜியாம்_ஸ்மூத்தின் சாம்பல் பட்டை ஓர் எச்சரிக்கை வரியோடு மறைந்துவிடும், அந்த வரியை யாரும் பார்க்காவிட்டால் பட்டை இல்லாமலே கட்டுரை வெளிவந்துவிடும். ஆல்ஃபாவை (ஒளிபுகாத் தன்மையை) 1 ஆக்கி வெளிர் சாம்பல் நிறத்தைக் கொடுத்து, பட்டையை முதல் அடுக்காக வரைந்து அதன்மேல் புள்ளியையும் கோட்டையும் வையுங்கள். கெய்ரோ_பிஎஸ் பயன்படுத்தினால் ஒளிபுகு நிறம் தப்பிக்கும், ஆனால் பிக்சல் படமாக மாற்றித்தான் அதைக் காப்பாற்றுகிறது. வெக்டர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. போஸ்ட்ஸ்கிரிப்ட் சாதனத்தை நேரடியாகத் திறப்பவர்கள் முதலில் செட்ஈபிஎஸ் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் படம் ஏ4 தாளில் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். பிளாஸுக்கு டிஃப் என்றால் 7.5 அங்குலம், 300 டிபிஐ, எல்இசட்டபிள்யூ அமுக்கம். அகலம் 2250 பிக்சல், அதற்குமேல் ஏற்க மாட்டார்கள்.

லேடெக்கில் படத்தின் எழுத்துரு கட்டுரையின் எழுத்துருவோடு இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும் என்றால் படத்தை லேடெக் நிரலாகவே எழுதும் டிக்ஸ்டிவைஸ் தொகுப்பு. ஸீடெக், லுவாடெக் எஞ்சின்களையும் அது ஏற்பதால் தமிழ் ஆய்வேட்டுக்கும் பொருந்தும். முதல்முறை மெதுவாக ஓடும். ஒவ்வொரு சொல்லின் அகலத்தையும் டெக்கிடமே கேட்டு அளந்து சேமித்துவைக்கிறது. லேபிளில் சதவீதக் குறியோ அடிக்கோடோ இருந்தால் டெக் அங்கேயே முறுக்கிக்கொள்ளும், சானிடைஸை ட்ரூ ஆக்கிவிடுங்கள். குவார்ட்டோவில் (நிரலையும் உரையையும் சேர்த்து ஆவணமாக்கும் கருவி) எழுதுபவர்கள் படத்தின் அகலத்துக்கும் வெளியீட்டு அகலத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறக்கக் கூடாது. முதலாவது வரையும் அளவு, இரண்டாவது ஒட்டும் அளவு. இரண்டும் வேறானால் எழுத்தளவுக் கணக்கு மீண்டும் கெடும்.

பைத்தானில் மேட்பிளாட்லிப் பயன்படுத்துவோருக்கு மூன்றே குறிப்பு. பிடிஎஃப்.ஃபாண்ட்டைப் இயல்பாக 3. பல இதழ்களின் சோதனை டைப் 3 எழுத்துருவை ஏற்காது, 42 ஆக்குங்கள். எஸ்விஜி.ஃபாண்ட்டைப் இயல்பாக எழுத்தைப் பாதையாக்கும், திருத்தக்கூடிய எழுத்து வேண்டுமென்றால் நன் (எதுவுமில்லை) என்று வையுங்கள். சேவ்ஃபிக்கில் பிபாக்ஸ்_இன்ச்சஸ் டைட் என்று பழக்க தோஷத்தில் எழுதுவதை நிறுத்துங்கள். ஓரத்தை வெட்டி அகலத்தையே மாற்றிவிடும், 89 மிமீ என்று நீங்கள் வைத்தது 84 ஆகவோ 92 ஆகவோ வரும். கான்ஸ்ட்ரெய்ண்ட் லேஅவுட் போட்டால் அளவு அப்படியே நிற்கும்.

அனுப்புவதற்கு முன்னால் பாப்ளர் என்ற பிடிஎஃப் மென்பொருளின் கருவிகள் மூன்றை ஓட்டிப் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. பிடிஎஃப்இன்ஃபோ பக்க அளவைப் பாயிண்டில் சொல்லும். 89 மிமீ அகலம் 252 அல்லது அதையொட்டிய எண்ணாக இருக்க வேண்டும், 504 என்று காட்டினால் 7 அங்குலத்திலேயே சேமித்திருக்கிறீர்கள். பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் ஒவ்வொரு எழுத்துருவின் வகையையும் பொதிப்பையும் காட்டும், எம்ப் என்ற பத்தி முழுக்க யெஸ் இருக்க வேண்டும். பிடிஎஃப்இமேஜஸ் ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் பிக்சல் படங்களைப் பட்டியலிடும். வெக்டர் என்று நீங்கள் நினைக்கும் ஃபைலில் பக்க அளவுக்கு ஒரு படம் தென்பட்டால் கெய்ரோ எங்கோ பிக்சலுக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். விண்டோஸில் இத்தனைக்கும் பிறகு மறுபடி சேமிக்கும்போது 'ஃபைலைத் திறக்க முடியவில்லை' என்று ஆர் சொன்னால், அதே பிடிஎஃப் அடோபி ரீடரில் திறந்திருக்கிறது. அதை மூடிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். திறந்திருக்கும் ஃபைலைப் பூட்டாத சுமத்ரா பிடிஎஃப்பை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை, படம் மாறினால் தானாகப் புதுப்பித்தும் காட்டும்.